அரசு வழக்கறிஞர் வேலை: அமர்வு நீதிமன்றத்திலா, உயர் நீதிமன்றத்திலா சுமை அதிகம்?

அமர்வு நீதிமன்றத்தில் சுமை என்பது சாட்சிகள்தான். ஒரு கொலை வழக்கில் புகார்தாரர் முதல் புலன் விசாரணை அதிகாரி வரை ஒவ்வொருவரையும் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும். முக்கிய சாட்சி ஒருவர் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்ந்தால் போதும், மாதக்கணக்கான உழைப்பு ஆட்டம் கண்டுவிடும்.

உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் காகிதம்தான். சென்னையானாலும், 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளையானாலும் தினப் பட்டியல் ஒன்றுபோலத்தான்: ஜாமீன், முன்ஜாமீன், முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரும் மனு, குண்டர் சட்டக் காவலை எதிர்க்கும் ஆட்கொணர்வு மனு, மேல்முறையீடு. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு காவல் நிலையத்திலிருந்து விவரம் வந்தாக வேண்டும். வராவிட்டால் அரசுத் தரப்பு அவகாசம் கேட்கும். சிறையில் இருப்பவருக்கு அது இன்னும் சில நாள் சிறை. இதை வெறும் நிர்வாகச் சிக்கலாக என்னால் பார்க்க முடியவில்லை.

தூக்குத் தண்டனையை உறுதிசெய்ய வரும் வழக்கென்றால் கீழ் நீதிமன்றச் சாட்சியம் முழுவதையும் வரி விடாமல் படிக்க வேண்டும். அதே அலுவலகம்தான் அன்றைய ஜாமீன் மனுக்களுக்கும் ஓடுகிறது. 2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலானதும் இன்னொரு சுமை சேர்ந்தது: பிரிவு எண்களின் குழப்பம். பழைய சட்டத்தில் பிரிவு 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதாவது முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரும் மனுக்களுக்கு அடிப்படையான அதிகாரம். புதியதில் 482 முன்ஜாமீன், உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது.

ஒரு வழக்கின் ஆழத்தில் அமர்வு நீதிமன்றமே கடினம். எண்ணிக்கையில் உயர் நீதிமன்றம். அங்கே கூடுதல் வழக்கறிஞர்களை நியமிக்கும் முன், காவல் நிலைய விவரம் முந்தைய நாளே வந்து சேர ஏற்பாடு செய்ய வேண்டும்.