எலைட் டேஞ்சரஸ்: சின்னக் கப்பலில் இருந்து இறங்க அவசரப்படாதீர்கள்

அக்கா மகன் போன மாதம் எலைட் டேஞ்சரஸ் என்ற விண்கப்பல் ஓட்டும் கணினி விளையாட்டை வாங்கினான். மூன்றாம் நாளே போன் வந்தது. "மாமா, அனகோண்டா வாங்க எத்தனை நாள் ஆகும்?" அந்தப் பெரிய கப்பலின் விலை கிட்டத்தட்ட 14 கோடியே 70 லட்சம் கிரெடிட், அதாவது விளையாட்டுக்குள் புழங்கும் பணம். அவன் கையில் அன்று சில ஆயிரம்தான் இருந்தது. 2019 கடைசியில் நான் இதைத் தொடங்கியபோது என் மனதிலும் முதல் வாரம் முழுக்க இதே கேள்விதான் ஓடியது. அவனுக்குச் சொன்னதையெல்லாம் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இந்த விளையாட்டுக்கு ஒரு பரம்பரை உண்டு. டேவிட் ப்ரேபனும் இயன் பெல்லும் 1984-இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு எழுதிய 'எலைட்'டின் வாரிசு இது. அதில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். 2014 டிசம்பரில் வந்த இந்தப் பதிப்பில் நம் பால்வெளி முழுவதும் அதன் உண்மை அளவிலேயே இருக்கிறது, சுமார் 40,000 கோடி விண்மீன் அமைப்புகளோடு. அவற்றில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவை நிஜ வானியல் பட்டியல்களில் இருந்து எடுத்தவை. மற்றவற்றை விண்மீன்கள் உருவாகும் விதத்தைப் பின்பற்றி மென்பொருளே உருவாக்குகிறது. இந்தப் பரப்பில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், என்ன தொழில் வேண்டுமானாலும் செய்யலாம். 'இதைச் செய், அடுத்து அதைச் செய்' என்று கைப்பிடித்து அழைத்துப் போகும் கதை கிடையாது. புதிதாக வருபவர் திணறுவது இதனால்தான்.

முதலில் கிடைப்பது சைட்விண்டர் என்ற குட்டிக் கப்பல். எல்லோரும் அதை விட்டு எப்போது வெளியேறலாம் என்றே பார்க்கிறார்கள். முதல் ஐம்பது மணி நேரமாவது அதிலேயே இருங்கள் என்பது என் கருத்து. அது நொறுங்கினால் இன்னொன்று செலவில்லாமல் கிடைக்கும். தப்பு செய்து செய்து கற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

அங்கே முதல் பாடம், விண்வெளி ஸ்டேஷனுக்குள் இறங்குவது. 7.5 கிலோமீட்டருக்குள் வந்ததும் இடது பலகையைத் திறந்து அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தால் ஒரு தள எண்ணும் பத்து நிமிட அவகாசமும் தருவார்கள். பெரிய ஸ்டேஷன்கள் சுழன்றுகொண்டே இருக்கும். நீள்சதுர வாசலின் ஓரங்களில் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் எரியும். பச்சை வலது கைப்பக்கம் இருக்கும்படி கப்பலைத் திருப்பி, சுழற்சிக்கு ஈடாக நாமும் உருண்டு, மெதுவாக உள்ளே போக வேண்டும். எனக்கு முதல் நாள் இதற்கு நாற்பது நிமிடம் ஆனது. கை வியர்த்தது. தளத்தில் சக்கரம் பட்டு, கப்பல் அப்படியே கீழ்த்தளத்துக்கு இறங்கியபோது கிடைத்த நிம்மதி இன்றும் நினைவிருக்கிறது. தானாக இறக்கிவிடும் கணினியும் கிடைக்கும், தப்பில்லை. ஆனால் ஒரு இருபது முறையாவது கையால் இறக்கிவிட்டு அப்புறம் அதைப் பொருத்துங்கள். கப்பலின் எடையும் திரும்பும் வேகமும் கைக்குப் பிடிபடுவது அந்த இருபது முறையில்தான்.

சூப்பர்க்ரூஸ் என்கிற அதிவேகப் பயணத்தில் எல்லோரும் செய்யும் பிழை, இலக்கைத் தாண்டி ஓடிவிடுவது. இதற்கு ஒரு எளிய வழி உண்டு. போய்ச் சேரும் நேரம் ஏழு விநாடி என்று காட்டும்போது வேகக் கட்டுப்பாட்டை 75 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டுத் தொடாமல் இருங்கள். ஆறுக்கு இறங்க விட்டால் பெரும்பாலும் தாண்டிவிடுவீர்கள்.

எரிபொருள் விஷயத்தைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். என் இரண்டாவது வாரத்தில், ஆளில்லாத பகுதி எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் நேராகப் போய்க்கொண்டே இருந்தேன். விண்மீன்களிடமிருந்து எரிபொருள் அள்ளும் கருவியான ஃப்யூல் ஸ்கூப் கப்பலில் இல்லை. ஒரு விண்மீன் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை ஜம்ப் என்பார்கள். கடைசி ஜம்ப்பில் மங்கலான பழுப்புக் குள்ள விண்மீன் ஒன்றின் முன் போய் நின்றேன். தொட்டி காலி. விளக்குகள் அணைந்தன, மூச்சுக்காற்று ஐந்து நிமிடத்துக்குத்தான் என்று கடிகாரம் ஓடத் தொடங்கியது. உடனே பறப்பதை நிறுத்திவிட்டு விளையாட்டின் முதன்மைப் பட்டியலுக்கு (மெயின் மெனு) வந்தேன். அங்கே இருக்கும்வரை அந்தக் கடிகாரம் நகராது.

'ஃப்யூல் ராட்ஸ்' என்ற குழுவைப் பற்றி அன்றுதான் தெரிந்துகொண்டேன். 2015-இல் இருந்து, நடுவழியில் எரிபொருள் தீர்ந்தவர்களைத் தேடிப் போய் நிரப்பிக் கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கும் சக விளையாட்டுக்காரர்கள். பணம் வாங்குவதில்லை. அவர்களுடைய தளத்தில் உதவி கேட்டேன். மீண்டும் உள்ளே வந்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் பொறுமையாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் என் கண் முன்னே ஒரு கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து புறப்பட்ட சின்ன ட்ரோன்கள் என் கப்பலில் வந்து ஒட்டி எரிபொருளை ஏற்றின. முன்பின் தெரியாத ஒருவர் எனக்காக அவ்வளவு தூரம் வந்தார். இந்த விளையாட்டில் நான் இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

ஆகவே கையில் வரும் முதல் சில நூறு கிரெடிட்டில் மிகச் சிறிய ஃப்யூல் ஸ்கூப்பாவது வாங்கிப் பொருத்துங்கள். O, B, A, F, G, K, M வகை விண்மீன்களை ஒட்டிப் பறந்து எரிபொருள் அள்ளலாம், மற்ற வகைகளில் முடியாது. விண்மீன் வரைபடத்தில் வழித்தடம் எந்த இடத்தில் புள்ளிக்கோடாக மாறுகிறதோ, அதற்கு மேல் போக உங்களிடம் எரிபொருள் இல்லை என்று பொருள்.

அடுத்தது ரீபை. கப்பல் அழிந்தால் அதன் விலையில் 5 சதவீதம் கட்டித் திரும்பப் பெறலாம். அந்தத் தொகைக்கு வழியில்லையென்றால் கப்பல் போனது போனதுதான். நான் சேர்த்த பத்து லட்சத்துச் சொச்சத்தையும் டைப்-6 என்ற சரக்குக் கப்பலில் போட்டு, மிச்சத்துக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மூன்றாவது நடையில் கொள்ளைக் கப்பல் ஒன்று வழிமறித்து இழுத்தது. கப்பலை மீட்க ஐம்பதாயிரம் சொச்சம் வேண்டும், என்னிடம் இல்லை. மூன்று வார உழைப்பு போய், திரும்பவும் சைட்விண்டரில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு குறைந்தது இரண்டு ரீபைக்கான பணம் மிச்சம் இல்லாமல் நான் எந்தக் கப்பலையும் வாங்கியதில்லை. வழிமறிக்கப்பட்டால் போராடித் தோற்பதைவிட, வேகத்தைச் சுழியமாக்கி நாமே அடங்கிவிடுவது நல்லது. என்ஜின் சீக்கிரம் தயாராகும், அடுத்த ஜம்ப்பில் தப்பிவிடலாம்.

எல்லோரோடும் ஆடும் ஓப்பன், தனியாக ஆடும் சோலோ, தெரிந்தவர்களோடு மட்டும் ஆடும் தனிக்குழு என்று மூன்று முறைகள் உண்டு. தொடக்கத்தில் சோலோ போதும். அதற்கும் இணையம் கட்டாயம். எங்கள் பகுதியில் இணைப்பு அடிக்கடி அறுந்த நாட்களில் பாதி வேலையில் வெளியே தள்ளப்பட்டு மிகவும் வருந்தியிருக்கிறேன். உங்கள் இணைப்பு அப்படியென்றால் யோசித்து வாங்குங்கள். 2021-இல் வந்த ஒடிஸி என்ற கூடுதல் தொகுப்பில் கப்பலை விட்டு இறங்கிக் கிரகங்களில் நடக்கலாம், ஆனால் அது நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும். விசைப்பலகையும் மவுஸும் வைத்தே நான் ஒரு வருடம் ஓட்டினேன். ஜாய்ஸ்டிக் வாங்கியபின் இன்பம் கூடியது உண்மை.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? எனக்குக் கிடைத்தது வானம். சின்ன வயதில் மொட்டைமாடியில் அப்பா கை நீட்டிக் காட்டிய திருவாதிரைக்கு ஒருநாள் போனேன். ஜம்ப் முடிந்து வெளியே வந்ததும் கண்ணாடி முழுக்கச் சிவப்பு. எவ்வளவு தூரம் விலகிப் போனாலும் அது சிறிதாகவே இல்லை. பின்னால் ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பலை வாங்கி, பால்வெளியின் மையத்தில் இருக்கும் கருந்துளையை நோக்கிச் சுமார் 26,000 ஒளியாண்டு போனேன். வழியில் யாரும் எட்டிப் பார்த்திராத அமைப்புகள் ஏராளம். அந்தத் தகவல்களைக் கொண்டுவந்து விற்கும்வரை எல்லாம் கப்பலில்தான் இருக்கும். கப்பல் உடைந்தால் அத்தனையும் போய்விடும். அதனால் திரும்பி வந்த கடைசி நாள் நான் யாரோடும் பேசவில்லை. விற்று முடித்ததும் அந்த விண்மீன்களின் தகவல் பக்கத்தில் முதலில் கண்டவர் என்று என் பெயர் ஏறியது.

அக்கா மகனிடம் யாரோ, ஆல்ஃபா செண்டாரியில் இருக்கும் ஹட்டன் ஆர்பிட்டலுக்குப் போனால் அனகோண்டா இலவசம் என்று சொல்லியிருக்கிறார்கள். புதியவர்களிடம் பல காலமாகச் சொல்லிவரும் விளையாட்டுப் பேச்சு அது. அந்த ஸ்டேஷன் ஜம்ப் முடியும் இடத்திலிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, சாதாரண என்ஜினில் நேராகப் பறந்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே இலவசக் கப்பல் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். பூமியைப் பார்க்க வேண்டும் என்றான். சூரியக் குடும்பத்துக்குள் நுழையக் கூட்டாட்சிப் படையில் பெட்டி ஆஃபீசர் தகுதி வேண்டும், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. பதிலாக ரோகிணிக்குப் போகச் சொன்னேன். சூரியனிலிருந்து 65 ஒளியாண்டுதான், சைட்விண்டரிலேயே போய்விடலாம்.

நேற்று இரவு பதினொன்றரைக்குப் படம் அனுப்பியிருந்தான். ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி, ஓரத்தில் சைட்விண்டரின் மூக்கு. கீழே ஒரு வரி: "மாமா, ஸ்கூப் போட்டுட்டேன், டேங்க் ஃபுல்."