நாலு டயர், 34,000 ரூபாய்: ராமநாதபுரம் பக்கம் டயர் மாற்றப் போகிறவர்கள் படிக்கவும்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயர் போடப் போவதில்லை. ராமநாதபுரத்தில் பல கம்பெனி டயரும் வைத்திருக்கிற கடை, அலைன்மென்ட் மெஷின், ஏசி ரூம் எல்லாம் உண்டு.

எனக்கு உச்சிப்புளி. வாரத்தில் மூன்று நாள் பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போய் வருகிற வண்டி. மழையில் பிரேக் அடித்தால் நிற்கணும். அதனால் காசு போனாலும் பரவாயில்லை, பிடிமானம் உள்ள பெர்ஃபார்மன்ஸ் டயரே போடுவோம் என்று போனேன்.

கடைக்காரர் குனிந்து என் பழைய டயர் பள்ளத்தில் விரல் விட்டு, உள்ளே இருக்கிற சின்ன மேட்டைக் காட்டினார். "இது மட்டத்துக்குத் தேஞ்சா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், கழட்டிடணும் தம்பி." சைஸ் 185/65 ஆர்15 என்று படித்துவிட்டு, அதையடுத்து வருகிற கடைசி எழுத்துக்கும் அர்த்தம் சொன்னார். டி என்றால் 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும், எச் 210, வி 240. எல்லாம் சரியான தகவல், வீட்டுக்கு வந்து பார்த்தேன். அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு விவரமாகச் சொல்கிறவர் ஏமாற்றுவாரா? டீ வேறு வந்தது. அம்மா ஊர் தேவிபட்டினம் என்றதும், "அட, நம்ம பக்கம்தானா!"

34,000 ரூபாய் ஜிபே பண்ணினேன். "டயர் 4 - 34,000" என்று ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி பில் சாயங்காலம் வாட்ஸப்பில் வருமாம். பழைய டயர்களையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், புத்திசாலி.

ஒன்றரை மாதம் கழித்து மண்டபம் ஊர்ப் பக்கம் பஞ்சர். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிய பையன், "அண்ணே, புது டயர்னு சொன்னீங்க?" என்று ஃபோன் லைட் அடித்தான். ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் 3119. அதாவது 2019ஆம் வருஷம் 31ஆவது வாரம் செய்தது. பள்ளத்தை விரலால் விரித்தால் அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. அந்தத் தேதி எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. நாலிலும் அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளி மாட்டியிருக்கிறார்கள். வெளியே பாலிஷ் போட்டுப் பளபள.

ஃபோன் பண்ணினால், "ரப்பர்தானே தம்பி, அரிசியா புழுப்பிடிக்க?" மறுநாள், ஓனர் மதுரை போயிருக்கிறார். அப்புறம், கம்பெனி ஆள் திங்கள்கிழமை வருவார். திங்கள்கிழமை நேரிலேயே போனேன். அதே ஏசி ரூம், டீ மட்டும் வரவில்லை. என்ன கேட்டார் தெரியுமா? "பில் இருக்கா?" 34,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பில் தராத மனிதர் கேட்கிறார்!

டயர் வாங்குவது பற்றி விவரமாக எழுதணும் என்றுதான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. மாட்டுவதற்கு முன்னால் அந்த நாலு இலக்கத்தை நாலு டயரிலும் நீங்களே பாருங்கள், ஃபோட்டோ எடுங்கள். பில் கையில் வராமல் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, நானும் இன்று கூப்பிட்டுப் பதிந்திருக்கிறேன்.

நாளைக்கு அம்மாவை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகணும். 34,000 ரூபாய் டயர் வாசலில் நிற்கிறது, மச்சான் வண்டியைக் கேட்டிருக்கிறேன்.