புரூஜ் போகிறவர்கள் கவனத்துக்கு: ‘எல்லாம் சேர்த்து’ சுற்றுலாவும் லேஸ் கடையும்

பெல்ஜியத்தில் புரூஜ் பார்க்கத் திட்டமிட்டிருப்பவர்கள், வழிகாட்டிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஊர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடலோடு இணைத்த ஸ்வின் நீர்வழி மண் மூடிப்போய், வணிகம் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துப் பக்கம் நகர்ந்துவிட்டதால், பழைய நகரம் புதுக் கட்டடங்களுக்காகப் பெரிதாக இடிபடாமல் தப்பித்திருக்கிறது. 2000-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. எங்களை ஏமாற்றியது இணையத்தில் பதிவு செய்த சுற்றுலா நிறுவனமும், அது கூட்டிப்போன கடையும்.

மணிக்கூண்டு, மாதா ஆலயத்தில் உள்ள மைக்கலாஞ்சலோவின் மாதா சிலை, பெகைன் பெண்களின் (துறவிகளாகாமல் பக்தி வாழ்வு வாழ்ந்த பெண்கள்) குடியிருப்பு, லேஸ் (நூலால் பின்னும் வலை போன்ற பூவேலை) செய்முறை, எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 55 யூரோ என்று விளம்பரம். நானும் மனைவியும் போனோம். மணிக்கூண்டு 83 மீட்டர் உயரம், 366 படிகள். வழிகாட்டி எங்களைச் சதுக்கத்தில் நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். ஏற வேண்டுமென்றால் தனி டிக்கெட்டாம். சரி, சிலையாவது பார்ப்போம் என்றால், ஆலயத்துக்குள் போகக் காசு வேண்டாம், சிலை இருப்பதோ கட்டணப் பகுதியில். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் அதை மெத்தையில் சுற்றி லாரியில் கடத்தியது, பிறகு ஆஸ்திரியாவில் ஓர் உப்புச் சுரங்கத்தில் கிடைத்தது என்று கதையை ரசித்து ரசித்துச் சொன்னார். சிலையைத்தான் காட்டவில்லை. கேட்டதற்கு, விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘நுழைவுக் கட்டணம் நீங்கலாக’ என்ற வரியைப் போனில் காட்டினார். 1245-இல் தொடங்கிய பெகைன் குடியிருப்பின் முற்றத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக நடக்கலாம். அதற்கும் சேர்த்துத்தான் நாங்கள் பணம் கட்டியிருக்கிறோம்!

லேஸ் விஷயம்தான் இன்னும் மோசம். செய்முறை என்று கூட்டிப்போனது ஒரு கடைக்கு. வாசலருகே ஒரு பாட்டி, மடியில் திண்டு, அதில் குத்திய ஊசிகள், நூல் சுற்றிய மரக் குச்சிகளை விரல்கள் மாற்றி மாற்றிப் போடுகின்றன. அழகுதான். ஆனால் அலமாரியில் விற்பனைக்கு இருந்தவை அவர் செய்தவை அல்ல. ‘கைவேலை’ என்று சீட்டு ஒட்டிய மேசை விரிப்பு ஒன்றை என் மனைவி 90 யூரோவுக்கு வாங்கினாள்.

மறுநாள் பால்ஸ்ட்ராட் தெருவில் உள்ள லேஸ் மையத்துக்குப் போனபோது அதைக் காட்டினோம். அங்கிருந்த அம்மா பின்பக்கம் திருப்பி, விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பூ, இலை எல்லாம் ஒரே அகலத்தில் ஓடும் நாடா. அது இயந்திரத்தில் நெய்தது. அதை வளைத்து வடிவமாக வைத்து, நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் ஊசியால் இணைத்திருக்கிறார்கள். நிஜமான குச்சி லேஸில் இப்படித் தனி நாடா கிடையாது. துணி போன்ற பகுதியும் வலை போன்ற பகுதியும் அந்தக் குச்சி நூல்களிலேயே உருவாகும். உள்ளங்கை அளவு நுணுக்கமான துண்டுக்கே நாள்கணக்கில் உட்கார வேண்டும். பெரிய விரிப்பு இந்த விலைக்கு எப்படிக் கிடைக்கும்?

திரும்பப் போய்க் கேட்டால், “இணைப்பு கையால் போட்டதுதானே” என்றார் கடைக்காரர். ஐரோப்பாவில் 14 நாளில் திருப்பித் தரலாம் என்று சொல்வார்களே, அது இணையத்தில் வாங்கிய பொருளுக்கு. கடையில் நேரில் வாங்கினால், மனம் மாறியது என்பதற்காகத் திருப்ப உரிமை இல்லை. பொய்யான விவரம் சொல்லி விற்றார்கள் என்று காட்ட, ரசீதில் எழுதியிருந்தால் உதவும். எங்கள் ரசீதில் ‘மேசை விரிப்பு’ என்று மட்டும்தான் இருந்தது.

ஆகவே வாங்குகிறவர்கள், குச்சி லேஸ், முழுவதும் கைவேலை, எந்த நாட்டில் செய்தது என்ற மூன்றையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். மணிக்கூண்டுக்கும் சிலைக்கும் நேரடியாக டிக்கெட் எடுங்கள். படகுச் சவாரிக்குத் துறையிலேயே டிக்கெட் தருகிறார்கள். அரைமணி நேரம், கொடுத்த காசுக்குக் குறையில்லை.

சுற்றுலா நிறுவனத்துக்கு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினேன். பாதிப் பணம் வந்தது. விரிப்புக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை.