பழைய டீசல் ஜீப்பின் எரிபொருள் முள்: ஜவ்வாது மலைப் பாதைகளில் 11 ஆண்டு அனுபவம்

மலைக் கிராமங்களில் சூரிய விளக்குகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதற்காகக் காட்பாடியில் வாங்கிய பழைய டீசல் ஜீப்பை 11 ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். அமிர்தி, ஒடுகத்தூர், பீஞ்சமந்தை, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் என்று அது ஏறாத மேடு குறைவு. இன்ஜினும் கியர்பெட்டியும் எனக்குத் தந்த தொல்லையைவிட, மீட்டர் பலகையில் இருக்கும் அந்தச் சிறு டீசல் முள் தந்த தொல்லையே அதிகம். அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த முள் லிட்டரைக் காட்டுவதில்லை என்பது. டேங்குக்குள் ஒரு கம்பியின் முனையில் மிதக்கும் ஃப்ளோட்டின் உயரத்தை மட்டுமே அது காட்டுகிறது. ஃப்ளோட் ஏறி இறங்கும்போது கம்பியின் மறுமுனை மின்தடைச் சுருளின்மேல் நகர்கிறது; அதனால் மாறும் மின்னோட்டம் மீட்டருக்குள் இருக்கும் ஈருலோகத் தகட்டைக் கூடுதலாகவோ குறைவாகவோ சூடாக்கி வளைக்க, முள் நகர்கிறது. தகடு சூடேற நேரம் பிடிக்கும் என்பதால் சாவி போட்டவுடன் தெரியும் அளவை நான் நம்புவதில்லை. சமதரையில் நிறுத்தி, அரை நிமிடமாவது பொறுத்த பிறகே பார்க்கிறேன். டேங்கின் வடிவமும் கம்பி சுழலும் வளைவும் சேர்ந்து, என் வண்டியில் மேல்பாதி மெதுவாகவும் கீழ்பாதி விரைவாகவும் இறங்குகின்றன. பாதி காட்டுகிறதே என்று புறப்பட்டவன் பாதித் தூரம் போக முடியாது.

இரண்டாம் ஆண்டில், டேங்க் நிறைய டீசல் அடித்து வந்த மறுநாளே முள் அடிமட்டத்தில் கிடந்தது. பள்ளத்தில் வண்டி குதித்தால் எழுந்தது, பிறகு மீண்டும் விழுந்தது. புது மீட்டர் வாங்கப் புறப்பட்ட என்னை வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு மெக்கானிக் பெரியவர் தடுத்தார். “மீட்டர மாத்தாத தம்பி, மொதல்ல எர்த்தப் பாரு” என்றார். எர்த் என்பது மின்னோட்டம் வண்டியின் அடிச்சட்டமான சேசி வழியாகத் திரும்பும் இணைப்பு. டேங்கின் காதைச் சேசியோடு இறுக்கும் போல்ட்டைக் கழற்றியபோது அதன் அடியில் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, டேங்கிலிருந்து சேசிக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்தவுடன் முள் நிலையாக நின்றது. இவ்வகை மீட்டரில் எர்த் கெட்டால் மின்தடை கூடி, நிறைந்த டேங்கும் காலி என்றே தெரியும். டேங்க் பக்கத்து வயர் உராய்ந்து சேசியில் பட்டுவிட்டாலோ, காலி டேங்க் நிறைந்ததாகத் தெரியும். ஆபத்தானது இந்த இரண்டாவதுதான். டீசல் முள்ளும் இன்ஜின் வெப்ப முள்ளும் ஒன்றாகத் தவறு காட்டினால், இரண்டுக்கும் பொதுவான மின்னழுத்தச் சீராக்கியைச் சந்தேகிக்க வேண்டும். ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்ப்பதும் நல்லது. உள்ளே தளும்பும் ஓசை கேட்டால் அது ஓட்டையாகிவிட்டது. பெட்ரோல் வண்டிக்காரர்கள், டேங்க் திறந்திருக்கும்போது அருகில் எந்த வயரையும் உரசிச் சோதிக்கக் கூடாது.

எர்த் சரியான பிறகும் மலை எனக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. காவலூரைத் தாண்டி, ஒரு கிளைப்பாதையின் செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜின் இருமி நின்றது. முள்ளோ கால் டேங்குக்குச் சற்றுமேல் காட்டியது. என் டேங்கில் ஃப்ளோட் பின்புறமும், டீசலை உறிஞ்சும் குழாய் முன்புறமும் உள்ளன. மூக்கு மேலே தூக்கியவுடன் டீசல் பின்னால் ஓடி, குழாய் காற்றில் நின்றது. அதே நேரத்தில் ஃப்ளோட் உயர்ந்து முள் ஏறியது. வண்டியைப் பின்னோக்கி இறக்கிச் சமமான இடத்தில் நிறுத்திக் குச்சி விட்டுப் பார்த்தேன்: 7 லிட்டர் இருந்தது. டீசல் வண்டி என்பதால் அதோடு முடியவில்லை; குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றினால்தான் இன்ஜின் கிளம்பும். ஃபில்டரின் மேலுள்ள ஏர் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க அடிக்க முதலில் நுரையும், பிறகு குமிழி கலந்த டீசலும், கடைசியில் தெளிந்த ஒழுக்கும் வந்தன. அதன்பின் இன்ஜினுக்கு டீசலைப் பீச்சும் பம்பிலும் அதையே செய்தேன். வண்டி மீண்டும் உறுமுவதற்குள் பொழுது சாய்ந்திருந்தது. அன்றிலிருந்து அந்த 7 லிட்டரை நான் மலைக்கணக்கில் சேர்ப்பதில்லை.

என் வண்டியில் எச்சரிக்கை விளக்கு கிடையாது. நண்பரின் சற்றுப் பிந்தைய வண்டியில் உண்டு. டீசலில் மூழ்கியிருக்கும்வரை குளிர்ந்திருக்கும் ஒரு சிறு தெர்மிஸ்டர், மட்டம் இறங்கி வெளிப்பட்டதும் தானே சூடாகி, மின்தடை குறைந்து, விளக்கை எரிய வைக்கும் அமைப்பு அது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அது எரிந்து அணைவதைப் பார்த்து, கோளாறு என்று அவர் விட்டுவிட்டார். என் கருத்தில் அந்த மினுக்கலே மெய்யான எச்சரிக்கை. சமதரையில் நிலையாக எரியும்வரை காத்திருப்பது மலைக்கு ஆகாது.

இப்போது என் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூங்கில் குச்சி கிடக்கிறது. டேங்க் வற்றியிருந்த ஒரு நாளில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கத்தியால் கோடு கீறி உருவாக்கியது. கீழ்க்கோடுகள் நெருங்கியில்லை, மேல்கோடுகள்தான் நெருக்கம். முள்ளின் நடத்தைக்கு அதுவே விளக்கம். பங்கில் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரையும் எழுதிவைக்கிறேன். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தரும் வண்டி, நான்கு சக்கர இயக்கத்தில் மலையேறினால் 7 தருகிறது. ஆலங்காயத்தில் குச்சியின் நான்காம் கோடு நனையாவிட்டால் நான் மேலே ஏறுவதில்லை.