ரிமோட் காலரா, பத்து மீட்டர் கயிறா: சிப்பிப்பாறைக்கு எது சரி?

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு வேட்டை நாய்களை வளர்க்கிறவர்களுக்கு, குட்டி ஒரு வயதை நெருங்கும்போது ஒரே கவலைதான். முற்றத்தில் பேர் சொன்னதும் ஓடி வருகிற நாய், கரிசல் காட்டில் ஒரு முயல் எழும்பி ஓடினால் நம் குரலைக் காதிலேயே வாங்காது. கண்ணால் பார்த்து விரட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம் அது. அதன் மேல் குற்றம் இல்லை. ஆனால் விரட்டியது பக்கத்துக் காட்டுக்காரரின் வெள்ளாட்டுக் குட்டி என்றால் ஊரே கூடிவிடும். மயில் என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாற்கரச் சாலைப் பக்கம் ஓடிவிட்டால் நாயே மிஞ்சாது.

இதற்குத் தீர்வு கேட்டால் இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று, ரிமோட்டில் இயங்கும் எலக்ட்ரானிக் காலர். ஷாக் காலர் என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும். இன்னொன்று, பத்து மீட்டர் நீளக் கயிறு, ஒரு விசில், கொஞ்சம் வேகவைத்த ஈரல். எங்கள் வீட்டுப் பெண் சிப்பிப்பாறைக்கு நான் எடுத்தது கயிறு. ரிமோட் காலரை நண்பர் ஒருவர் தன் ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பயன்படுத்துகிறார். காலை நடையில் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். ஆக, கயிற்றைப் பற்றிக் கைப்பழக்கத்தில் சொல்கிறேன், காலரைப் பற்றிப் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடலாம். விலையில் கயிறு சில நூறு ரூபாய், காலர் சில ஆயிரத்தில் தொடங்கி எங்கேயோ போகிறது. காலருக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும், கயிற்றுக்கு வேண்டாம். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரம், இடையில் மறைப்பே இல்லாத வெட்டவெளிக்கு. வேலிக்கருவை அடர்ந்த ஓடைக்குள் அந்தத் தூரத்தை எதிர்பார்க்க முடியாது. கயிறு பத்து மீட்டர் என்றால் பத்து மீட்டர்தான். இவற்றை வைத்து யாரும் முடிவெடுக்கப் போவதில்லை.

முடிவைத் தீர்மானிக்கிற விஷயம் ஒன்றே ஒன்று: பொத்தானை எந்த நொடியில் அழுத்துகிறோம், அந்த நொடியில் நாய் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

காலரில் ஒரு சின்ன ரேடியோ ரிசீவர் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு உலோக முனைகள் கழுத்துத் தோலைத் தொடும். ரிமோட்டை அழுத்தினால் பீப் ஒலியோ, அதிர்வோ, மின்துடிப்போ போகும். துடிப்பின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். நல்ல பயிற்சியாளர்கள், நாய் காதை லேசாக அசைக்கிற அளவுக்கு மேல் போவதில்லை. ‘வா’ என்று கூப்பிட்டுத் துடிப்பைத் தொடங்கி, நாய் நம் பக்கம் திரும்பிய கணத்தில் நிறுத்துவார்கள். திரும்பி வந்தால் தொல்லை நிற்கும் என்று நாய் கற்றுக்கொள்ள வேண்டும். நண்பரின் ஷெப்பர்டிடம் இது ஓரளவு நடக்கிறது. அது எப்போதும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கிற நாய். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருக்கும்.

இதையே சிப்பிப்பாறைக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். நாம் பார்த்து, புரிந்து, கட்டைவிரலை அழுத்துவதற்குள் அரை நொடி போனாலே நாய் 7 மீட்டர் கடந்திருக்கும். அந்த 7 மீட்டரில் என்ன வேண்டுமானாலும் மாறலாம். முயல் புதருக்குள் போயிருக்கும். நாயின் கண் இப்போது வரப்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் பையன் மேல் இருக்கும். அந்த நேரத்தில் கழுத்தில் சுரீரென்றால், நாய் அதை எதோடு சேர்த்து முடிச்சுப் போடும்? முயலோடா, பையனோடா, அந்த வரப்போடா? நாம் நினைத்தது நமக்குத் தெரியும். நாய்க்குத் தெரிந்தது அப்போது அதன் கண்முன் இருந்தது மட்டும்தான். தப்பாகப் போட்ட முடிச்சை அவிழ்ப்பது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். சைக்கிளைக் கண்டாலே குலைநடுங்குகிற நாயையோ, பையன்களைக் கண்டாலே உறுமுகிற நாயையோ வைத்துக்கொண்டு ஊரில் குடியிருப்பது லேசான காரியமில்லை.

மின்துடிப்பால் எதையும் கற்றுக்கொடுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. நியூசிலாந்தில் கிவிப் பறவைகளை நாய்கள் கொல்லாமலிருக்க இந்தக் காலரை வைத்தே பழக்குகிறார்கள். அங்கே வேலை நடப்பதற்குக் காரணமும் அந்த நொடிதான். கிவியின் உடலையோ பாடம் செய்த பறவையையோ ஓரிடத்தில் வைத்திருப்பார்கள். நாய் தானாகப் போய் மோப்பம் பிடிக்கும் கணத்தில், பழகிய கை ஒன்று பொத்தானை அழுத்தும். பறவை அசையாது, நாய் ஓடாது, இடையில் வேறு எதுவும் குறுக்கே வராது. முடிச்சு சரியான இடத்தில் விழுகிறது. அப்படியும் அவ்வப்போது திரும்பப் பழக்கச் சொல்கிறார்கள். கரிசல் காட்டில் ஓடுகிற முயலுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது.

ஆய்வுகளும் ஒரே பக்கமாகப் பேசவில்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கூப்பிட்டால் வராத பழக்கம் போன்ற சிக்கல்கள் உள்ள 63 நாய்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பழக்கினார்கள். காலர் போட்ட குழு, உணவும் பாராட்டும் கொடுத்துப் பழக்கிய குழுவை எந்த விதத்திலும் மிஞ்சவில்லை. இத்தனைக்கும் காலரைக் கையாண்டவர்கள் அதில் தேர்ந்தவர்கள். ஆனால் அமெரிக்காவில் 19 நாய்களை வைத்துச் செய்து 2024-இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஓடுகிற பொம்மையை விரட்டுவதை நிறுத்த, காலர் சில அமர்வுகளிலேயே வேலை செய்தது. அதே காலத்தில் உணவு முறை வேலை செய்யவில்லை. என் சாய்வுக்கு ஒத்துவராத ஆய்வு இது, ஆனாலும் மறைக்க எனக்கு மனமில்லை. விரட்டலை மட்டும் சீக்கிரம் நிறுத்த வேண்டும், கையாள்பவர் கைதேர்ந்தவர், இடம் கட்டுக்குள் இருக்கிறது என்றால் காலருக்கு வேகம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேரிடம் இந்த மூன்றும் இருக்கின்றன என்பதுதான் என் தயக்கம். வீட்டில் ரிமோட் ஒருவர் கையோடு நிற்பதும் இல்லை. இன்று அப்பா, நாளை தோட்டத்துக்கு வருகிற அண்ணன், விடுமுறையில் அக்கா பையன். ஆளாளுக்கு ஒரு நொடியில் அழுத்தினால் நாய் என்னதான் கற்றுக்கொள்ளும்?

வேல்ஸ் நாட்டில் 2010-லிருந்து இந்தக் காலருக்குத் தடை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோல் பற்றியும் ஒரு வார்த்தை. உலோக முனைகள் தோலை அழுத்திக்கொண்டே இருந்தால் மின்சாரமே இல்லாமலும் புண் வரும். நாள் முழுக்க மாட்டி வைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். சிப்பிப்பாறைக்கு முடி குட்டை, தோல் மெலிசு. நம் வெயிலில் பட்டைக்கடியில் ஈரமும் உண்ணியும் சேர்ந்தால் சீக்கிரம் புண்ணாகும்.

சரி, கயிறு. இதற்கும் அதே நொடிக் கணக்கு உண்டு, ஆனால் பிசகினால் சேதம் குறைவு. ஈரலை ஒரு நொடி தாமதமாகக் கொடுத்தால் நாய் கொஞ்சம் மெதுவாகக் கற்கும், அவ்வளவுதான். யார் மேலும் பயம் வராது.

கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டவே கூடாது. பத்து மீட்டர் ஓடிய வேகத்தில் சுண்டினால் கழுத்து என்ன ஆகும்? நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டுகிற, முதுகில் வளையம் உள்ள ஹார்னஸ் வேண்டும். இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நீளம் என்பதால் சாதாரணப் பட்டையிலிருந்து பின்வாங்கிக் கழற்றிக்கொள்ளவும் செய்யும். மெல்லிய நைலான் கயிறு கையை அறுத்துவிடும். பட்டையான பருத்தி நாடா நல்லது, கையுறை போட்டால் இன்னும் நல்லது. நுனியில் முடிச்சோ பிடிவளையமோ இருக்கக் கூடாது, வேலிக்கருவையில் சிக்கும். கயிறு எப்போதும் தரையில் தளர்வாகக் கிடக்க வேண்டும். இழுத்துக்கொண்டு வருவதற்காக அது இல்லை. விசில் அடித்தும் வராத நாய் தூரம் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

பழக்குவது வீட்டுக்குள் ஆரம்பிக்கும். இரண்டு குட்டை விசில், உடனே ஈரல். அப்புறம் முற்றம், அப்புறம் ஆளில்லாத தோட்டம், கடைசியில்தான் ஆடு மேய்கிற காடு, அதுவும் ஆடுகளிடமிருந்து வெகுதூரத்தில். விசிலடித்து வரவைத்துக் குளிப்பாட்டவோ கட்டிப்போடவோ கூடாது. வந்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை ஒருமுறைகூடப் பொய்க்கக் கூடாது. நாய் ஆட்டைப் பார்த்துவிட்டுத் தானாக நம்மைத் திரும்பிப் பார்த்தால், அன்றைக்கு மிச்சமிருக்கிற ஈரல் மொத்தமும் அதற்குத்தான். அந்தத் திரும்பிப் பார்த்தலுக்காகத்தான் இவ்வளவும். எங்கள் நாயிடம் அது வர மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிவிட்டது. இப்போது வெள்ளாட்டுக் கூட்டத்தைக் கண்டால் நின்று, காதைத் தூக்கி, என் பக்கம் வருகிறது. முயலுக்கு இன்னும் உத்தரவாதம் கிடையாது. அதனால் முயல் நடமாடுகிற அந்தி நேரத்தில் கயிற்றைக் கழற்றுவதில்லை. சுற்றுச்சுவர் போட்ட தோட்டத்துக்குள் மட்டும் அவிழ்த்துவிட்டு ஓடவிடுகிறேன். இந்த நாய்கள் ஓட வேண்டும். ஓடவிடாமல் வைத்திருப்பது வேறொரு கொடுமை.

காலரை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மின்துடிப்பை அணைத்துவிட்டு, பீப் ஒலியை விசில் போலவே ஈரலோடு பழக்கலாம். காது கேளாத நாய்களை அதிர்வைக் கொண்டு கூப்பிடப் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல பயன்பாடு அது. ஆனால் சில நாய்கள் அதிர்வுக்கே மிரளும் என்பதால் முதலில் கையில் பிடித்துப் பழக்கிவிட்டுக் கழுத்தில் மாட்டுங்கள்.

ஏற்கெனவே ஆட்டைக் கடித்துக் கொன்று ருசி கண்ட நாய்க்குக் கயிறும் ஈரலும் போதுமா? அப்படியொரு நாயை நான் பழக்கியதில்லை, அதனால் போதும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என்னிடம் அப்படி ஒன்று இருந்தால் வாய்க்கூடு போட்டு, வெளியே போகும்போதெல்லாம் கயிற்றிலேயே வைத்திருப்பேன். கூடவே நாய்களின் நடத்தை தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுவேன்.