எட்டடி சொஃப்ட்டொப்: மலைநாட்டில் வசிப்பவரின் முதல் அலைச்சறுக்குப் பலகை

பண்டாரவளையில் இருந்துகொண்டு அலைச்சறுக்குப் பழகுபவருக்குக் கடலில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஆகவே முதல் பலகையைத் தெரிவுசெய்யும்போது அதன் அழகையோ வேகத்தையோ பார்க்காமல், ஒரு காலைப்பொழுதில் அது எத்தனை அலைகளைப் பிடித்துத் தரும் என்பதையே பார்க்க வேண்டும். ஒரே பலகையைச் சில பருவங்கள் தொடர்ந்து பயன்படுத்திய பின்னரும் எனது கருத்து இதுதான்.

நான் வாங்கியது 8 அடி நீளமும் 22.5 அங்குல அகலமும் கொண்ட, மேற்பரப்பு மென்மையான நுரையால் ஆன சொஃப்ட்டொப் பலகை. அதன் கனவளவு 86 லீற்றர். எனது நிறை 65 கிலோ. பழகுபவர் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கனவளவைத்தான். தேர்ந்தவர்கள் பயன்படுத்தும் 6 அடிப் பலகையில் ஏறத்தாழ 30 லீற்றரே இருக்கும் என்பதால், புதியவர் அதில் படுத்ததும் அது பாதி அமிழ்ந்துவிடும். கைகளால் எவ்வளவுதான் துழாவினாலும் அலையின் வேகத்தை எட்ட முடியாது. பெரிய பலகையோ நுரைத்து வரும் சிறிய அலையிலும் முன்கூட்டியே நகரத் தொடங்குவதால், எழுந்து நிற்பதற்குச் சற்று அவகாசம் கிடைக்கிறது.

வாங்குமுன் வெலிகம விரிகுடாவில் 7, 8, 9 அடிப் பலகைகளை வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். அடியில் மணல் என்பதால் அங்கே விழுந்தாலும் பெரிய காயம் ஏற்படுவதில்லை. 7 அடிப் பலகை வேனுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதைத் தவிர எனக்கு வேறு நன்மை தரவில்லை. 9 அடியில் நிற்பது எளிது. ஆனால் உடையும் அலைகளைத் தாண்டி அதை உள்ளே கொண்டு செல்வது பெரும்பாடு.

மே முதல் ஒக்டோபர் வரை மொனராகலை வழியாக அறுகம்பேக்கும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்குக் கரைக்கும் செல்கிறோம். மழைக்காற்று ஒரு கரையைக் குழப்பும்போது மறுகரை சீராக இருப்பது மலைநாட்டவருக்கு வாய்த்த வசதி. இரண்டுக்கும் வெல்லவாயவரை பாதை ஒன்றே. அறுகம்பேயில் பேபி பொயின்ற் பகுதியே இந்தப் பலகைக்குப் பொருத்தமானது. பிரதான முனையின் அடித்தளம் பாறை, அங்கே கூட்டமும் அதிகம்.

மேலும் கீழுமாகப் பயணிக்கும் பலகைக்குக் கடலோரத்தில் வசிப்பவர் எண்ணிப்பாராத ஒரு சிக்கல் உண்டு. பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. எபொக்சி என்னும் கடினப் பிசினால் காற்றுப்புகாமல் மூடப்பட்ட பலகையின் நுரைக்குள் இருக்கும் காற்று மலையேறும்போது விரிந்து, மேலோட்டைப் பிரித்துவிடக்கூடும். அதனால்தான் அத்தகைய பலகைகள் பலவற்றில் காற்றுத் திறப்பு ஒன்று வைக்கப்படுகிறது. அது திருகாணியாக இருந்தால் புறப்படுமுன் தளர்த்தி, நீரில் இறங்குமுன் மறவாமல் இறுக்க வேண்டும். சொஃப்ட்டொப் பலகைக்கு உயரத்தைவிட வெயிலே பெரிய பகை. மொனராகலைப் பக்கத்து வெயிலில் மூடிய வேனுக்குள் விட்டால் அடிப்பக்கப் பிளாஸ்ரிக் கொப்பளித்துவிடும். எனவே கூரையில் வெளிர்நிற உறையிட்டுக் கட்டுகிறோம். எல்லவுக்குக் கீழேயுள்ள வளைவுகளில் பட்டி தளர்கிறதா என்று இறங்கிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

காலப்போக்கில் வெளிப்பட்ட குறைகளும் உள்ளன. பலகையின் அடியில் செட்டைகளைப் பொருத்தும் திருகாணித் துளைகள் வழியாக நீர் கசிந்து, பலகை வாங்கியபோது இருந்ததைவிடக் கனத்துவிட்டது. மேற்பரப்பு வயிற்றுத் தோலை உரசுவதால் மேற்சட்டை இல்லாமல் நீரில் இறங்க முடியாது. மூடுபனிக் காலத்தில் ஈரத்துடன் உறையில் இட்டால் பூஞ்சணம் பிடிக்கிறது; நன்னீரில் கழுவி, நிழலில் நிறுத்தி முற்றிலும் உலர்த்திய பின்பே உள்ளே வைக்கிறேன். பலகையைக் காலோடு பிணைக்கும் காற்கயிறும் பலகையளவு நீளமானதாக இருக்க வேண்டும். கூடவே கிடைத்தது நம்பத்தக்கதாக இல்லாததால் உடனே மாற்றினேன்.

உடையாத அலையில் பக்கவாட்டாகச் சறுக்கத் தொடங்கியதும் இந்தப் பலகை திரும்ப மறுப்பது தெரியும். அந்த நிலைக்கு நான் இப்போதுதான் வந்திருக்கிறேன் என்பதால் இன்னும் ஒரு பருவத்துக்கு இது போதும். 80 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் நேரே 9 அடியைப் பார்ப்பதே நல்லது.