ஏஓசி 24ஜி2: குறைந்த விலை கேமிங் மானிட்டரில் எது கிடைக்கும், எது கிடைக்காது

"பெட்டியில 144 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. மாட்டிப் பார்த்தா பழைய மானிட்டருக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல."

ஆரம்பநிலை கேமிங் மானிட்டர் வாங்கியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. பெரும்பாலும் மானிட்டர் மேல் குற்றமில்லை. ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. புதிதாக ஒன்றை மாட்டினால் விண்டோஸ் வழக்கமாக 60 ஹெர்ட்ஸிலேயே ஓட ஆரம்பிக்கும். நாமாகப் போய் மாற்றும்வரை அப்படியே ஓடும். செட்டிங்ஸுக்குள் சிஸ்டம், அதில் டிஸ்பிளே, அதில் அட்வான்ஸ்டு டிஸ்பிளே. அங்கே ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலில் 144-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு முடியவில்லை: சில கேம்கள் தங்கள் வீடியோ செட்டிங்ஸில் 60-ஐத் தனியாகப் பிடித்து வைத்திருக்கும். அங்கேயும் போய்ப் பாருங்கள்.

பட்டியலில் 144 வரவே இல்லையா? முதலில் கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். வழக்கமான டவர் கேபினெட்டில் மேலே யுஎஸ்பி, ஆடியோ துளைகளோடு செங்குத்தாக இருப்பவை மதர்போர்டின் போர்ட்டுகள். கீழே கிடைமட்டமாக இருப்பவைதான் கிராபிக்ஸ் கார்டுடையவை. காசு போட்டு கார்டு வாங்கிவிட்டு கேபிளை மேலே செருகி வைத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அடுத்த சந்தேகம் கேபிள். 24ஜி2-வில் டிஸ்பிளேபோர்ட் ஒன்று, எச்டிஎம்ஐ இரண்டு, விஜிஏ ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்கு டிஸ்பிளேபோர்ட்தான். எச்டிஎம்ஐ இரண்டையும் கேம் கன்சோலுக்கோ லேப்டாப்புக்கோ விட்டுவிடலாம். விஜிஏ இருப்பதையே மறந்துவிடுங்கள். அதில் எழுத்துகள் மங்கும்.

டிஸ்பிளேபோர்ட் கேபிளைக் கழற்றும்போது ஒரு கவனம் தேவை. தலைப்பகுதியில் சின்னப் பட்டன் இருந்தால் அதை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். உள்ளே இரண்டு கொக்கிகள் பிடித்துக்கொண்டிருக்கும். எச்டிஎம்ஐ பழக்கத்தில் வெடுக்கென்று இழுத்தால் போர்ட் தளர்ந்துவிடும். தனியாக மலிவு கேபிள் வாங்கினால் இன்னொரு தொல்லை வரலாம். கேபிளின் 20-வது பின் (மின்சாரம் போகும் முனை) இரு முனைகளிலும் இணைக்கப்படக் கூடாது என்பது விதி. சில மலிவு கேபிள்களில் இணைத்திருப்பார்கள். மானிட்டரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் திரும்பி ஏறி, கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் முரண்டு பிடிக்கும். காரணம் தெரியாமல் பவர் சப்ளையைச் சந்தேகிப்பார்கள்.

சரி, மானிட்டருக்கு வருவோம். 23.8 அங்குலம், 1920×1080 புள்ளிகள் (சுருக்கமாக 1080பி), ஐபிஎஸ் என்ற வகைப் பேனல், 144 ஹெர்ட்ஸ், 250 நிட்ஸ் வெளிச்சம். இன்று இதே விலை வட்டத்தில் 165, 180 என்று எழுதிய மாடல்கள் குவிந்திருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப்படம், திரையில் நிற்பது 16.7 மில்லிசெகண்ட். 144-ல் 6.9. 180-ல் 5.6. முதல் தாவலில் கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் லாபம். யார் கண்ணுக்கும் தெரியும். இரண்டாவது தாவலில் கிடைப்பது 1.3. அதற்காக ஸ்டாண்டைத் தியாகம் செய்யக் கூடாது என்பது என் கட்சி.

ஸ்டாண்டைச் சொல்லக் காரணம் இருக்கிறது. விலையைக் குறைக்க நினைக்கும் கம்பெனி முதலில் கைவைக்கும் இடம் அதுதான். புது 180 ஹெர்ட்ஸ் மாடல்கள் பலவற்றில் முன்னும் பின்னும் சாய்க்க மட்டுமே முடியும். உயரம் ஏற்ற வேண்டுமானால் அடியில் டிக்‌ஷனரியை அடுக்க வேண்டியதுதான். 24ஜி2-வின் ஸ்டாண்டு 13 சென்டிமீட்டர் ஏறி இறங்கும், பக்கவாட்டில் திரும்பும், திரையைச் செங்குத்தாகவும் நிறுத்தலாம். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வந்தால் போதும், கழுத்துவலி பாதி குறையும். சுவரிலோ ஆர்மிலோ மாட்ட 100×100 மில்லிமீட்டர் வெசா துளைகளும் உண்டு.

பட்டன்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடியாது. வலது கீழ்விளிம்பின் அடியில் தரையைப் பார்த்தபடி வரிசையாக இருக்கும். இருட்டில் தடவித் தேடினால் பவர் பட்டன்தான் முதலில் கையில் சிக்கும்.

அடுத்தது ஓவர்டிரைவ். இந்த விலையில் வாங்கும் பலரும் தப்பாக வைத்திருக்கும் செட்டிங் இது. ஆஃப், வீக், மீடியம், ஸ்ட்ராங், பூஸ்ட் என்று ஐந்து நிலைகள். "அதிகம் என்றால் நல்லது" என்று நினைத்துக் கடைசிக்குப் போவார்கள். திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சற்று நேரம் எடுக்கும். அந்த நேரம் நீண்டால் ஓடும் உருவத்துக்குப் பின்னால் மங்கலான வால் தெரியும். ஓவர்டிரைவ் அந்த மாற்றத்தைக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து உந்தித் தள்ளுகிறது. அளவாக உந்தினால் வால் மறையும். அதிகமானால் புள்ளி இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அப்போது வால் இருக்கும் இடத்தில் வெளிறிய விளிம்பு ஒன்று பளிச்சென்று தெரியும். முதல் குறையைவிட இது கண்ணை அதிகம் உறுத்தும்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். பிரவுசரில் டெஸ்ட்யூஃபோ தளத்தைத் திறந்து, பக்கத்தில் 144 என்று காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடும் பறக்கும் தட்டைக் கண்ணால் பின்தொடருங்கள். ஒரே இடத்தை வெறிக்கக் கூடாது. மீடியத்தில் ஆரம்பித்து ஸ்ட்ராங்குக்கு மாற்றுங்கள். தட்டின் பின்னால் வெளிறிய விளிம்பு முளைத்தால் திரும்பி வந்துவிடுங்கள். 144-ல் சரியாகத் தெரியும் அதே நிலை, கேமில் ஃபிரேம் 60-க்கு இறங்கும்போது அதிகப்படியாகிவிடலாம். விலை கூடிய மானிட்டர்கள் ஹெர்ட்ஸுக்கு ஏற்ப ஓவர்டிரைவைத் தானே மாற்றிக்கொள்ளும். இது மாற்றாது. அதனால் பெரிய கதைக் கேம்களுக்கு மீடியத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

பெட்டியில் கொட்டை எழுத்தில் "1 மில்லிசெகண்ட்" என்று இருக்கும். பக்கத்தில் எம்பிஆர்டி என்று சின்னதாக இருக்கிறதா பாருங்கள். அது புள்ளி மாறும் வேகம் அல்ல. பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு மங்கலைக் குறைக்கும் முறையின் அளவு. எம்பிஆர் என்ற செட்டிங்கை இயக்கினால்தான் அது வரும். இயக்கினால் திரை இருண்டுவிடும், மானிட்டர் வேகத்தைக் கிராபிக்ஸ் கார்டோடு இணைக்கும் ஃப்ரீசிங்கும் சேர்ந்து ஓடாது. நீண்ட நேரம் உட்கார்ந்தால் தலைவலிக்கிறது என்பவர்கள் உண்டு.

ஃப்ரீசிங் இந்த வகுப்பில் உண்மையிலேயே உபயோகமானது. வாலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் மாதிரி கேம்களைத் தவிர மற்றவற்றில் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்டு 144 ஃபிரேமைத் தொடாது. 50, 60, 75 என்று ஏறி இறங்கும். அந்த நேரத்தில் மானிட்டர் தன் வேகத்தைக் கார்டோடு சேர்த்துக்கொண்டால் படம் நடுவில் கிழிந்து தெரியாது. இந்த வகை மானிட்டர்களில் வழக்கமான எல்லை 48 முதல் 144. ஃபிரேம் 40-க்கு விழுந்தால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸில் சமாளிக்கும். என்விடியா கார்டு இருந்தாலும் கவலையில்லை. 2019 ஜனவரியிலிருந்து 10-வது சீரிஸும் அதற்குப் பிந்தியவையும் டிஸ்பிளேபோர்ட் வழியாக இதை ஏற்கின்றன. இரண்டு இடத்தில் இயக்க வேண்டும்: மானிட்டர் மெனுவில் ஒன்று, என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் (இதே வசதிக்கு என்விடியா வைத்த பெயர்) பக்கத்தில் இன்னொன்று. ஒன்றை மட்டும் செய்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள். கூடவே ஃபிரேம் எல்லையை 141-ல் கட்டிவையுங்கள். 144-ஐ முட்டினால் அந்த இடத்தில் சிங்க் கைவிட்டுவிடும்.

பெட்டியில் இருக்கும் ஃப்ரீசிங் ஸ்டிக்கர் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. ஃப்ரீசிங்கை உருவாக்கிய ஏஎம்டி 2024 மார்ச்சில் விதியை உயர்த்தியது: இந்த அளவு ரெசல்யூஷனில் சாதா ஃப்ரீசிங்குக்கே 144 ஹெர்ட்ஸ், ப்ரீமியத்துக்கு 200 ஹெர்ட்ஸ் வேண்டும். முன்பு ப்ரீமியத்துக்கே 120 போதும். ஆக பழைய மாடலின் ப்ரீமியம் ஸ்டிக்கரும் புதியதன் சாதா ஸ்டிக்கரும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தகுந்தவை அல்ல.

நிறத்தைப் பொறுத்தவரை வாங்கியவர்கள் இரண்டு கட்சி. "என்ன கலர்!" என்று ஒரு கூட்டம், "முகமெல்லாம் வெயிலில் கருகியது போல் சிவப்பாக இருக்கிறது" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் சொல்வது ஒரே விஷயத்தைத்தான். இந்தப் பேனல், எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுகோலின் எல்லையைவிட அகலமான நிறங்களைக் காட்டும். இணையமும் பெரும்பாலான கேம்களும் எஸ்ஆர்ஜிபிக்காகச் செய்யப்பட்டவை என்பதால் சிவப்பும் பச்சையும் அளவுக்கு மீறி ஏறும். கேம் விளையாட மட்டும் என்றால் அப்படியே விடலாம். போட்டோ எடிட் செய்பவர், துணிக்கடைக்குப் படம் போடுபவர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஃப்பிஎஸ், ரேசிங் போன்ற கேம் மோடுகளைத் தொடாமல் இருப்பது நல்லது. எஃப்பிஎஸ் மோடு இருட்டு மூலையில் ஒளிந்திருக்கும் எதிரியைக் காட்டுவதற்காக நிழல்களை வெளுக்க வைக்கும். மற்ற நேரத்தில் படம் சாயம் போன வேட்டி மாதிரி இருக்கும்.

எந்த செட்டிங்கும் தீர்க்காத குறை கறுப்பு. ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 1000:1. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பேய்க் கேம் ஆடினால் கறுப்பு என்று வர வேண்டிய இடம் சாம்பலாகத்தான் வரும். விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் 3000:1 கிடைக்கும். ஆனால் இந்த விலையில் கிடைக்கும் விஏ-க்களில் இருண்ட பகுதி ஓடும்போது மை இழுபட்டது போல் தெரியும். வேகமான கேம் ஆடுபவருக்கு ஐபிஎஸ், இருட்டறையில் படம் பார்ப்பவருக்கு விஏ என்று வைத்துக்கொள்ளலாம்.

மூலைகளில் வெளிச்சம் கசிகிறது என்று மாற்றிக் கேட்பதற்குமுன் ஒன்று. முழு வெளிச்சத்தில், இருட்டறையில், போன் கேமராவில் எடுத்தால் எந்த ஐபிஎஸ் திரையும் எரிமலை மாதிரி இருக்கும். வெளிச்சத்தை 30-க்கு இறக்கி, கறுப்புப் படத்தை முழுத்திரையில் வைத்து, தலையை இடம் வலமாக நகர்த்துங்கள். வெளிச்சம் உங்களோடு நகர்ந்தால் அது ஐபிஎஸ் பேனலின் இயல்பு; மாற்றிக் கொடுத்தாலும் அப்படித்தான் வரும். அசையாமல் விளிம்பிலிருந்து மஞ்சளாக வழிந்தால் உண்மையான கசிவு. மாற்றுங்கள். அதே உட்காரலில் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் நான்கையும் முழுத்திரையில் வைத்து இறந்த புள்ளிகளைத் தேடுங்கள். மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒன்றிரண்டு போனால் வாரண்டியில் பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள். ஆன்லைனில் வாங்கினால் ரிட்டர்ன் காலம்தான் ஒரே பிடி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் பில் போடுமுன் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிஎஸ்5 மாட்டுபவர்களுக்கு: 1080பி-யில் 120 ஹெர்ட்ஸ் வரை வரும், ஆனால் விஆர்ஆர் (ஃப்ரீசிங் மாதிரி வேகத்தை இணைக்கும் வசதி) வராது, பிஎஸ்5 அதை எச்டிஎம்ஐ 2.1-ல் மட்டுமே தருகிறது. இதன் அண்ணன் 27ஜி2-வை "பெரிசா இருக்கே" என்று எடுக்காதீர்கள். ரெசல்யூஷன் அதே 1080பி. அங்குலத்துக்கு 93 புள்ளி இருந்த இடத்தில் 82-தான் இருக்கும். தமிழ் எழுத்தின் சுழிகளில் அது முதலில் தெரியும்.

ஆர்டர் போடுமுன் மாடல் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 24ஜி2இ5 என்பது 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். சி24ஜி2 வளைந்த விஏ. 24ஜி2எஸ்பி 165 ஹெர்ட்ஸ். யு சேர்ந்த 24ஜி2யு-வில் ஸ்பீக்கரும் யுஎஸ்பி போர்ட்டுகளும் உண்டு. வெறும் 24ஜி2-வில் ஹெட்போன் துளை மட்டுமே. விற்பனைப் பக்கங்களில் தலைப்பு ஒன்றாகவும் விவர அட்டவணை வேறாகவும் இருப்பது சகஜம். பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் இருப்பதுதான் கணக்கு.